ஒரு சேலைக்கு ஒரு கை

ஒன்பது என்று எழுதினாள். எச்சில் தொட்டு அழித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினாள். அதுவும் சரியாகப் படவில்லை. ஒருத்தி ஆறு நாளில் முடிக்கிற வேலையை இன்னொருத்தி பன்னிரண்டு நாளில் முடிப்பாள். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வீரலட்சுமி பாதி முடிந்த சேலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். யோசிக்க வேண்டுமென்றால் அவளுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது.

சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவள். இடது சுண்டுவிரல் நகத்தை வளர்த்து வைத்திருக்கிறாள். நகத்தால் துணியைக் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கினால் ஒரு முடிச்சு. சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. தண்ணீர் சேந்தும்போதுகூட அந்த விரலை மட்டும் கயிற்றில் படாமல் விலக்கி வைத்துக்கொள்வாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ள மாட்டாள். கணக்கு என்றால் பொத்திக்கொள்வாள்.

கொஞ்ச காலமாக, வெயில் இறங்கினால் முடிச்சுப் போட்ட இடமும் போடாத இடமும் அவள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. சித்தையன்கோட்டையில் பால்வாடி தொடங்கப்போகிறார்கள். எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சை தேறினால் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. இரண்டு தடவை கணக்கில் போய்விட்டது. போன தடவை நாலே மார்க் குறைச்சல். வயது வரம்புப்படி இதுதான் கடைசி. பரீட்சை நாளைக்கு.

அடுத்த வீட்டு ஜெயமேரி பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. வந்து பலகையைப் பார்த்தாள்.

"ஒருத்தியே ஆறு நாள்ல முடிக்கிறா. கூட ஒருத்தி வந்தா எப்படித்தா பதினெட்டு நாளு ஆகும்?"

"வந்தவ பேசுவால்ல டீச்சர்."

தறிக்குழிக்குள்ளிருந்து புருஷன் சுப்புராஜ், "இவகூட ஒருத்தி சேந்தா முப்பது நாளு" என்றான்.

"நீங்க நூலப் பாருங்க."

ஜெயமேரி பொறுமையாகச் சொன்னாள். முதலாமவள் ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு, அடுத்தவள் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டையும் கூட்டு. கூட்டினால் நாலில் ஒன்று. ஆக, நாலு நாள்.

"நாலு நாளு" என்று வீரலட்சுமி சொல்லிப் பார்த்தாள். "ஒரே சேலையா டீச்சர்?"

"சேலைன்னு யாரு சொன்னா? வேலைன்னுதான போட்டிருக்கு."

"சேலைன்னு வையிங்க. ஒருத்தி முடிச்சு கடுகாட்டம் இருக்கும், இன்னொருத்தி முடிச்சு மிளகாட்டம் இருக்கும். முதலாளி மூஞ்சியில எறிவாரு. ஒரு சேலைக்கு ஒரு கைதான். பெத்த தாயா இருந்தாலும் நடுவுல தொட விட மாட்டோம்."

"அப்பச் செவருன்னு வச்சுக்க."

சுவர் என்றதும் வந்துவிட்டது. ஜெயமேரி மாற்றி மாற்றிக் கேட்ட கணக்கெல்லாம் சரியாக வந்தது.

"வெளங்குச்சா?"

"செவரு வெளங்குது டீச்சர்."

"அம்புட்டும் செவருதான். எதைக் கேட்டாலும் செவரு. மனசுல வச்சுக்க" என்று ஜெயமேரி எழுந்து போனாள். சோறு வடிக்கும்போதும் வீரலட்சுமியின் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் திண்டுக்கல் போனாள். சுப்புராஜ் கூட வந்து, பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே சோடாக்கடையில் நின்றுகொண்டான். பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஏழாவது கணக்குக்கு ஐந்து மார்க். கோமதி ஒரு மேசைவிரிப்பில் பூவேலையை 10 நாளில் தைத்து முடிப்பாள், சாந்தா 15 நாளில் முடிப்பாள், இருவரும் சேர்ந்து தைத்தால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருந்தார்கள். வீரலட்சுமி பத்தில் ஒன்றையும் பதினைந்தில் ஒன்றையும் கூட்டினாள். ஆறில் ஒன்று வந்தது. ஆறு நாள் என்று எழுதி அடியில் கோடு போட்டாள். மற்றக் கணக்குகளையும் எழுதினாள். கடைசி மணிக்கு முன்னால் பக்கத்தைத் திருப்பி ஏழாவது கணக்குக்கு வந்தாள். கோட்டுக்குக் கீழே, "சாந்தா தைத்ததைப் பிரிக்க மேலும் இரண்டு நாள்" என்று எழுதினாள். பிறகு ஆறை அடித்து எட்டாக்கி, தாளைக் கட்டிக் கொடுத்தாள்.