இட்டேரியை மூடிய பலகை

ரோட்டு இலாகாக்காரர்கள் வண்டி எண்ணும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவன் என்று ஊரில் நான் வாங்கியிருந்த பெயர்தான். கதவைப் பூட்டினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாதி வழி வந்தபின் மறுபடி போய்ப் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சும்மா கிடந்த மூளை கவலைப்படப் பழகிக்கொண்டது.

"வராத வண்டிக்கே ஓரமா ஒதுங்கி நிக்கற ஆளு, வர்ற வண்டிய உட்டுருவீங்களா? போயி எண்ணுங்க" என்று சொல்லித்தான் வீட்டுக்காரி சோறு கட்டிய தூக்குப்போசியைக் கையில் கொடுத்தாள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் சந்தைக்குப் போகும் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதோடு சேர்த்து, லாரிகளுக்குக் குறுக்கே மாடு வராமலிருக்க எங்கள் இட்டேரியை மூடுவதா வேண்டாமா என்றும் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். எனக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை.

இருபுறமும் கிளுவை வேலி போட்ட மாட்டுத்தடம் அது. பெருமாட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்து, வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டைக் குறுக்கே கடந்து, அதே வாய்க்காலில் இறங்கி ஏறி, சந்தையின் பின்வாசலில் போய் முடியும். சந்தை நாளில் எங்கள் பக்கத்து மாடுகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அதை மூடினால் மாடுகளை ரோட்டிலேயே ஓட்டி, குறுகிய பாலத்தின் மேல் லாரிகளோடு லாரியாகக் கடக்க வேண்டும். என் அப்பாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதும் மந்தம். வாரம் தவறாமல் சந்தைக்கு மாடு கொண்டுபோகிறவர். பின்னால் லாரிக்காரன் ஒலி எழுப்பினால் எல்லாரும் ஒதுங்குவார்கள், அவர் ஒதுங்க மாட்டார். என் கவலை இதுதான், வேறொன்றுமில்லை.

மூன்று சந்தை நாள் இட்டேரி முனையில் உட்கார்ந்து எண்ணினேன். பெரிய தாளில் மணிக்கு ஒரு கட்டம். லாரி, பஸ், கட்டை வண்டி, மாடு என்று கோடு கிழித்து, மணி முடிந்ததும் கூட்டி எழுத வேண்டும். எந்த நேரத்தில் கூடுகிறது என்று தெரிய, நான் கால் மணிக்கு ஒரு தரம் கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தேன். மேற்பார்வைக்கு வந்த ஓவர்சியர் தாளைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது என்ன, கோலமா? மணிக்கு எத்தனைன்னு எழுதினா மதி. நீ எஞ்சினீயராக்கும்?"

போதும் என்பதற்கு அவர் மலையாளத்தில் 'மதி' என்பார். புள்ளியை எல்லாம் அழிக்கச் சொன்னார். அழித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. எண்ணியவன் கையாலேயே அழிக்கச் சொல்லலாமா? அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவதா?

எண்ணி முடித்தபின் என்னை இன்னும் நான்கு நாள் இருக்கச் சொன்னார்கள். கல்பாத்தியிலிருந்து ஓர் இளம் எஞ்சினீயர் வந்திருந்தார். மூடியிருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பலகையை வைத்தார். பலகையில் பாலமும் அதன் இரு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு ரோடும் வரைந்திருந்தது. அவ்வளவு கச்சிதமான படத்தை நான் பார்த்ததில்லை. லாரிக்குத் தீப்பெட்டி, வண்டிக்குப் புளியங்கொட்டை, மாட்டுக்கு ஆமணக்கு விதை. மாடுகளைக் கும்பலுக்கு ஒரு விதையாக வைத்தார். ஒரு தரம் எல்லாவற்றையும் நகர்த்தினால் ரோட்டில் பத்து விநாடி போனதாகக் கணக்கு. இட்டேரியை மூடிவிட்டதாக வைத்துக்கொண்டு, நான் எண்ணிய மாடுகளைப் பாலத்தின் மேல் விட்டால் அடைத்துக்கொள்ளுமா என்று பார்ப்பதுதான் வேலை. விதை நகர்த்துவது என் பாடு.

பலகைக்கு வெளியே இருக்கும் ரோடு எங்கே என்று கேட்டேன்.

"அது நோட்டில இருக்கு, கேட்டேளா" என்று சிரித்தார். அவர் நல்ல மனுஷர், அதையும் சொல்லவேண்டும். "அத்தனை தூரத்துக்கும் ஒவ்வொரு மாடா நகத்திண்டிருந்தா நம்ம ஆயுசு போறாது. தூரத்து ரோட்டுக்கு ஒரு மணிக்கூருக்கு எத்தனைன்னு ஒரு எண் போதும். பாலத்துகிட்ட வந்தா மட்டும் ஒண்ணொண்ணாப் பாக்கணும்."

எனக்கு அது பிடித்தே இருந்தது. பாத்தி கட்டுகிறவனும் அப்படித்தான் பார்க்கிறான். வாய்க்காலில் வரும் தண்ணீரை மொத்தமாகப் பார்ப்பான், மடையில் மட்டும் கையை வைப்பான். ஆனால் நோட்டிலிருந்து பலகைக்கு வரும் இடத்தில் அவர் ஒன்று செய்தார். மாடு அதிகம் வருகிற மணியில் அறுபது உருப்படி என்று நோட்டு சொன்னால், நிமிடத்துக்கு ஒன்று என்று பலகையின் ஓரத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். ஒன்று வந்தது, பாலம் ஏறியது, இறங்கியது. அடுத்தது வந்தது. எங்கும் எதுவும் நிற்கவே இல்லை. எதிரே தீப்பெட்டிகள்கூட மரியாதையாக இடைவெளி விட்டு வந்தன.

நான் விதை வைப்பதை நிறுத்தினேன்.

"சாருங்க, அந்த மணியில பாதி நேரம் ராகு காலமுங்க."

"இருக்கட்டும்."

"விக்கப் போற மாட்ட ராகு காலத்துல ஒருத்தரும் சந்தைக்குள்ள ஏத்த மாட்டாங்க. அத்தனை பேரும் இட்டேரிக்குள்ளயே நிறுத்தி வெச்சிருப்பாங்க. முடிஞ்ச நிமிசம் மொத்தமா உடுவாங்க. எல்லை செக்போஸ்ட்லயும் அப்படித்தானுங்க. காயிதம் பாத்துட்டு லாரிய ஒண்ணொண்ணா உடறதில்ல, கட்டையத் தூக்குனா வரிசையா வரும்."

ஓவர்சியர் தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "சார், இவன் அடுத்தது மாட்டுக்கு ஜாதகம் எழுதித் தருவான்!"

"மொத்தம் அதேதானே?" என்றார் எஞ்சினீயர். "நீங்க எண்ணினது தப்பா?"

"தப்பில்லைங்க."

"பின்னே?"

படித்தவர்களிடம் வாயால் சொல்வதைவிட வைத்துக் காட்டுவது மேல் என்று பட்டது. அவர்கள் காபி குடிக்க எழுந்து போனதும், நான் விதைகளை அவை வருகிற மாதிரி வைத்தேன். முதல் பாதியில் ஒன்றுமில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து. எதிரே தீப்பெட்டிகளை ஒட்டி ஒட்டி. பத்துப் பன்னிரண்டு நகர்த்தலில் பாலம் அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த விதைகள் பலகை ஓரம் வரை நின்றுவிட்டன. இன்னும் ஒரு பிடி விதை என் கையில் இருந்தது, வைக்க இடமில்லை. பலகை அங்கே முடிந்துவிட்டது.

எஞ்சினீயர் டம்ளரோடு வந்து பலகையைப் பார்த்தார். "கையில இருக்கறது?"

"ரோட்டுல நிக்குதுங்க."

"அந்த ரோடு நோட்டிலன்னா இருக்கு" என்றார் மெதுவாக. "அங்கே நிக்கறதுக்குக் கட்டம் கிடையாது."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. மறுபடி ஒரு சந்தை நாள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எண்ண வேண்டும் என்று அவரே சொன்னார். ஓவர்சியர் காரியாலயத்துக்கு வாக்குக் கொடுத்த நாளைச் சொன்னார், தாள் போய்ச் சேரவேண்டிய நாளைச் சொன்னார். இரண்டும் அடுத்த சந்தைக்கு முந்தியே வந்தன. எஞ்சினீயர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு விதைகளை டப்பாவில் அள்ளிப் போட்டார். புரியாதவன் செய்தால் பிழை என்று விட்டுவிடலாம். புரிந்தவர் டப்பாவை மூடியதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கே காரியாலயத்துக்குப் போனது. அந்த மழைக்காலம் முடிந்ததும் இட்டேரி முனையில் இரண்டு கல் தூண் நட்டு, நடுவே இரும்புப் பட்டை போட்டு மூடினார்கள்.

அடுத்த சந்தை நாள் அப்பாவோடு நானும் போனேன். "இத்தன பேரு போறோம், நீ எதுக்குடா மூஞ்சிய இப்படி வெச்சுட்டு வர்ற? எளவு ஊட்டுக்கா போறோம்?" என்றார். ராகு காலம் முடியும்வரை எல்லாரும் பாலத்துக்கு முன்னால் ரோட்டோரமாக நின்றார்கள். முடிந்ததும் ஏறினார்கள். பாதிப் பாலத்தில் எதிரே லாரிகள் வந்துவிட்டன. முன்னால் போக முடியாது. பின்னால் திரும்பினால் கண்ணுக்கெட்டிய வரை மாட்டுக் கொம்பு. அப்பாவின் இடது பக்கம் வண்டியில் பூட்டிய ஒரு மாடு மிரண்டு பின்வாங்கியது. நான் கத்தினேன். மற்றவர்களும் கத்தினார்கள். அவர் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். சக்கரம் அவருடைய பாதத்தின்மேல் ஏறி இறங்கியது.

இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தார். ஓவர்சியர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க அல்ல. மாட்டுக்காரர்கள் ஒழுங்கில்லாமல் பாலத்தில் கூட்டம் போட்டதால் நேர்ந்தது என்று ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். எண்ணியவன் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டுமாம். நான் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "கையெழுத்து மறந்துபோச்சுங்க" என்றேன். எட்டாம் வகுப்புதானே.

அதற்கடுத்த சந்தை நாள், பட்டப்பகலில், இட்டேரி முனையில் நான்கு ஜோடி மாடு நின்றது. யாரும் கூடிப் பேசவில்லை. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தின் பழைய வடக்கயிற்றை ஒருத்தர் கொண்டுவந்திருந்தார். கல் தூணில் அதைச் சுற்றி முடிச்சுப் போட்டவன் நான். போலீஸ் வரும், ஜெயிலில் போடுவார்கள், வீட்டுக்காரி என்ன செய்வாள் என்று நினைத்தபடியே போட்டேன். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். மாடுகளை அதட்டியதும் தூண் வேரோடு வருகிற மரம் மாதிரி சாய்ந்தது. இரண்டாவதும் வந்தது. மாடுகள் ரோட்டைக் கடந்து வாய்க்காலில் இறங்கின.

ஓவர்சியர் சைக்கிளில் விழுந்தடித்து வந்தார். பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "யாரு பறிச்சது?"

"நானுங்க."

"எத்தனை மணிக்கு? கரெக்ட் சமயம் சொல்லணும். நிமிசத்தோட எழுதணும்."

வடத்தைத் தூணிலிருந்து அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"மணிக்கு ரெண்டு கல்லுன்னு எழுதிக்கங்க சார். அது மதி."

சொல்லிவிட்டு, கடைசியாக வந்த மாட்டின் பின்னால் நானும் வாய்க்காலில் இறங்கினேன். தண்ணீர் முழங்கால் அளவுக்குத்தான் இருந்தது.