மண்ணுக்குள் இருந்த மெசினும் செபமாலை அண்ணையும்

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் பிஸ்டன் றிங் ஒன்றை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. செபமாலை அண்ணையின் மனைவி மதலேனா அக்கா. "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். கடைக்காரர், "றிங் வேணுமோ, வேண்டாமோ?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அழுகை, தீவுப் பக்கம் போகும் பண்ணைப் பாலத்தில்தான் வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நாரந்தனை வீட்டின் பின்பக்கக் கொட்டிலும் தெரியும். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றபின் அதுதான் அவருக்குக் கோயில். ஓடாத தையல் மெசின், அசையாத திருகாணி, எது திருத்த வந்தாலும் முகம் மலரும். நானும் ஓய்வுக்குப் பிறகு அங்கே ஒட்டிக்கொண்டேன். என் வேலை பெரும்பாலும் மெசின் சாமான் கழுவுவதும் அவரோடு வாய்ச்சண்டை கொழுவுவதும்.

போன வருடம் நெடுந்தீவு மேரி அக்கா, தண்ணீர் இறைக்கும் பழைய மெசின் ஒன்றைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். யுத்தத்தில் இடம்பெயர்ந்த நேரம் பலரும் செய்ததுபோல அவருடைய கணவரும் அதைச் சாக்கில் சுற்றி வீட்டு வளவுக்குள் புதைத்திருந்தார். அந்த மனிதர் திரும்பி வரவில்லை. புதைத்த இடம் அக்காவுக்கு அண்மையில்தான் அகப்பட்டது.

"மகன் புதுசு வாங்கித் தாறன் எண்டவன். எனக்கு இதுதான் ஓடவேணும்" என்றார்.

கணவர் வெளியெல்லாம் தடிப்பாகக் கிறீஸ் பூசியிருந்தார். ஆனால் உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. பிஸ்டன் துருவில் இறுகிக் கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என் காலை மிதித்தார்.

"இவ்வளவு கிறீஸ் பூசினபடியாலைதான் இது மிஞ்சினது, அக்கா" என்றார்.

மேரி அக்கா போன பிறகு அண்ணை என் பக்கம் திரும்பினார். "ஷெல் விழேக்கை நீரெண்டால் மெசினைத் திரும்பியும் பாத்திருப்பீரோ?"

நான் எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன்.

பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றி ஊற்றிக் காத்திருந்தோம். பொறுமை கெட்டு நான் ஒருநாள் சுத்தியலைத் தூக்க, "இரும்பு கோவிச்சிருக்கு. நீரும் கோவிக்காதையும்" என்று பறித்து வைத்தார். கடைசியில் அது அசைந்த அன்று அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கைதட்டினார். றிங் மாற்றுவதுதான் மிச்சம்.

அடக்கம் முடிந்ததும் மதலேனா அக்கா கொட்டில் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார். "நீர்தான் முடிக்கவேணும்." கணவர் கைபட்ட பொருள் என்று மேரி அக்காவிடம் வேறெதுவும் இல்லை. அதையும் நான் கெடுத்துவிட்டால்?

ஒருவழியாக முடித்து நெடுந்தீவுக்குக் கொண்டுபோனேன். கிணற்றடியில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். மெசின் இருமிவிட்டு நின்றது. மேரி அக்காவின் முகம் வாடிப்போயிற்று.

"இவர் புதைக்கேக்கை ஏதும் பிழை விட்டிட்டாரோ, தம்பி?"

"இல்லை அக்கா. அவர் வடிவாய்த்தான் வைச்சிருக்கிறார். பிழை என்ரை கையிலை."

பிளக்கைத் துடைத்துப் போட்டு மறுபடி இழுத்தேன். புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் வாய்க்காலில் பாய, மேரி அக்கா அதற்குள் இறங்கி நின்று, "ஓடுதப்பா, ஓடுது!" என்று கத்தினார். அவர் அதைச் சொன்னது எனக்கல்ல, திரும்பி வராத தன் மனிதருக்கு.

அண்ணையின் வேலைச் சாமான்கள் கொட்டிலில்தான் இருக்கின்றன. யாரும் வந்து பாவிக்கலாம். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, அன்று கிணற்றடியில் என் வாயில் வந்த பதிலை மட்டும்தான். அது என்னுடையதல்ல, அண்ணையுடையது.