தேத்தண்ணி குடிக்காத நடுவர்

லண்டனிலிருந்து துணுக்காய்க்குத் தன் அக்காவைப் பார்க்க வந்து, வன்னியை விட்டு வெளியேற அனுமதிப் பாஸ் கிடைக்காமல் நின்ற சட்டத்தரணி அவர். நாடு விட்டு நாடு மூளும் கம்பனிச் சண்டைகளில் நடுவராக இருப்பது தொழில். "எல்லை தாண்டின பிணக்குகள்" என்று அவர் விளக்கியதும் எங்கள் பக்கத்து வீட்டு மாமி பிடித்துக்கொண்டா.

"அப்ப எங்கட வழக்குக்கும் நீங்கள்தான் சரி, தம்பி. பின்வளவுக்காரற்ற மாடு வேலி தாண்டி வந்து பயித்தங்கொடி முழுக்கத் திண்டிட்டுது. அண்டையிலயிருந்து ரெண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை."

அவர் சிரிக்கவில்லை. கொளுத்தும் வெயிலில் நீளக்கைச் சட்டையும் சப்பாத்துமாக வந்து, மாடு நுழைந்த வேலிப் பொட்டுக்குள் கதிரை போட்டு இருந்தார். மாமி தேத்தண்ணி நீட்டினா.

"குறை நினையாதேங்கோ அக்கா. நடுவர் ஒரு பக்கத்திலயும் வாய் நனைக்கக்கூடாது."

பின்வளவுக்காரருக்கும் அதே பதில். விசாரணை அதோடு படுத்துவிட்டது.

"என்ர தேத்தண்ணியை வேண்டாமெண்டிட்டார்!" என்றா மாமி, வேலிக்கு மேலால்.

"எங்கடையையும் தொடேல்லை அக்கா. சரியான எடுப்பு, பெரிய ஆளெண்ட நினைப்பு."

மாட்டை மறந்து இருவரும் அவரைத் திட்டத் தொடங்கினார்கள். அவர் மெல்லக் கதிரையை மடக்கினார்.

"வழக்கு வெண்டியளோ, தோத்தியளோ?" என்று, கூட நடந்த நான் வழியில் கேட்டேன்.

"ரெண்டு பேரும் கதைக்கினந்தானே?"

எங்கள் குசினியில் அவர் இரண்டு கோப்பை தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஒண்டு அவாவின்ர பக்கத்துக்கு. மற்றது அவற்ற பக்கத்துக்கு."

சிரிக்காமல்தான் சொன்னார்.