நான் சொன்ன புத்தர் வாக்கு

அப்போது எனக்கு இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. யுத்தம் இன்னும் வரவில்லை. என் சிநேகிதன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் சில வருஷம் இருந்து, ஓய்ந்த நேரமெல்லாம் பிக்குகளிடம் பாடம் கேட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியிருந்தான். புத்தர் என்றால் அவனுக்குப் பைத்தியம். அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு பிரசங்கம் வைத்தோம். அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் காய்ச்சல். பேசவேண்டியவன் நானானேன். பேசுமுன் ஒரு குளியல் போடலாமென்று அருவிக்குள் போனேன். கரையில் கழற்றி வைத்த சட்டையைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அவன் எழுதிக் கொடுத்த குறிப்பெல்லாம் அந்தச் சட்டைப்பையில்!

ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் முன் நின்றேன். ஒன்றும் நினைவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அருவியில் நனைந்த உடம்பைப் பாவம் தொடாது என்றார் பகவான் புத்தர்."

கைதட்டல் காதைப் பிளந்தது. கேட்டவர்கள் எல்லாரும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர்கள். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. அதே வேகத்தில் இன்னும் மூன்று வாக்கு அவிழ்த்துவிட்டேன்.

காய்ச்சல் தணிந்த சிநேகிதனோடு அடுத்த வாரம் அங்கே ஒரு கடைக்குக் காப்பி குடிக்கப் போனேன். கடைச் சுவரில் காவி எழுத்தில் என் வாக்கு! அடியில் புத்தர் பெயர்.

"ஏலே, இது எவன் கட்டிவிட்டது?" என்றான் அவன்.

"ஏன், அவரு சொல்லியிருக்க மாட்டாரா?"

"குளிச்சாப் பாவம் போவும்னா தவளையும் மீனும்லாலே முதல்ல கரையேறணும்? கேக்க நல்லாருக்குன்னு நம்பப்படாது. பெரிய ஆளு பேரைப் போட்டிருக்குன்னும் நம்பப்படாது. அவரு மத்த இடத்துல சொன்னதோட வச்சுப் பாக்கணும். ஒத்து வரலேன்னா தள்ளிரணும்." கடைக்காரர் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, இதை யாரு சொன்னா?"

"போன வாரம் ஒரு சாமியாரு வந்தாரு. ஈரத் துண்டோட நின்னு என்னமாப் பேசுனாருங்கீரு! மொகத்துல அப்படி ஒரு தேஜசு!"

சட்டை போட்ட என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அடக்கிப் பார்த்தேன், காப்பி மூக்கில் ஏறிவிட்டது. சிநேகிதன் என்னையே பார்த்தான். உண்மையைச் சொல்லிவிட்டேன். கோபப்படத்தான் முயன்றான். குரங்கு கதை வந்ததும் அவனுக்கும் வெடித்துவிட்டது. இருவரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

"சிரிச்சது போதும். போய் அழிக்கச் சொல்லு," என்றான்.

"அண்ணாச்சி, அது புத்தர் சொன்னதில்ல. நான் சொன்னது," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீரா?" ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தார். "நல்லவேளை சொன்னீரு வே. நாலு பேரு வந்து போற கடை."

மறுவாரம் முன்பு பிரசங்கம் செய்த அதே இடத்தில் நின்று நான்கு வாக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாவம் அருவியில் போகாது என்றதும் பாதிக் கூட்டம் எழுந்து குளிக்கப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்களிடம் தவளைக் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு செட்டியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொய்க்குக் கிடைத்த கைதட்டலைவிட அந்தச் சிரிப்பு எனக்கு அதிகப் போதை ஏற்றியது. வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.