எண்ணிக்கையில் தவறாத மாத்திரைகள்

ஒரு நாள் காலை என் மனைவி எஸ்தரின் காலில் செருப்பு ஏறவில்லை. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த குழி நிரம்புவதற்குள் நாற்பது எண்ணிவிட்டேன்.

அவளுக்குச் சர்க்கரை பதினொரு வருடமாக, இரத்தக் கொதிப்பு ஆறு வருடமாக. தாராவியில் எங்கள் சந்தில் பதினாறு வீடுகள். இந்த இரண்டில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காத வீடுகள் மூன்றுதான். அதனால் இவற்றை யாரும் நோயாக நினைப்பதில்லை. நானும் பயப்படவில்லை. பயப்படாமல் இருக்க என்னிடம் ஆதாரம் இருந்தது.

நான் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவளுடைய மாத்திரை அட்டைகளை எண்ணி நோட்டில் குறித்துவிடுவேன். ஒரு மாத்திரைகூட மிஞ்சியதில்லை.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும்) 2.6 என்று வந்தது. டாக்டரம்மா இளவயது மராத்திக்காரர். பேசியது இந்தியில்.

“பிரஷர் மாத்திரை தவறாம சாப்பிடறாங்களா?”

நோட்டை நீட்டினேன். பதினான்கு மாதக் கணக்கு. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“சாப்பிட்டும் பிரஷர் இறங்கலையே” என்று சொல்லி மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். நீர் பிரியவைக்கும் மருந்தும் அதிலேயே சேர்ந்திருந்தது.

இரண்டு மாதத்தில் வீக்கம் முழங்கால்வரை ஏறியது. வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் எதிரில் நின்று அதே மாத்திரையை விழுங்கவைத்தார். மத்தியானம் கட்டிலைவிட்டு எழுந்த எஸ்தர் அப்படியே சரிந்தாள். இரத்த அழுத்தம் எண்பதுக்கு இறங்கியிருந்தது.

சலைன் ஏறி அவள் கண் திறந்த பிறகு டாக்டரம்மா கட்டிலருகே வந்தார். “தினமும் சாப்பிடறவங்களுக்கு ஒரு மாத்திரையில இப்படி இறங்காது. வீட்டுல இந்த மாத்திரையைச் சாப்பிட்டீங்களா, இல்லையா?”

எஸ்தர் என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: “இல்ல. கட்டர்ல, சாக்கடையில போட்டேன்.”

“ஏம்ட்டி? நான் எண்ணி வச்சேனே!”

“அட்டையத்தான எண்ணுனீங்க? என் வாயப் பாத்தீங்களா?”

நான் கையிலிருந்த நோட்டை மூடினேன்.

“அத முழுங்குனா நாலு வாட்டி போவணும். கக்கூசு எவ்வளவு தூரம்? அதையும் எண்ணிருப்பீங்களே, சொல்லுங்க.”

“நூத்தி முப்பத்தெட்டு அடி.”

“காலம்பற பொம்பளையாளுவ லைன்ல எத்தன பேரு?”

அது எனக்குத் தெரியாது. ஆண்கள் பக்கம்தான் நான் நிற்பது.

“உள்ள போன உடனே கதவத் தட்டுதாளுவ. ஒருநா லைன்லயே சேல நனைஞ்சு போச்சு. அன்னையோட மாத்திரையும் விட்டேன், தண்ணியும் விட்டேன். வேண்டாம்னு சொன்னா நீங்க நோட்டத் தூக்கிட்டுல்லா வருவீங்க?”

இதை நான்தான் இந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “கக்கூஸ் எங்கேன்னு நான் கேட்டிருக்கணும்” என்றார்.

லைன் எப்போது காலியாக இருக்கும் என்று எஸ்தரிடமே கேட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு. மாத்திரையின் அளவைக் குறைத்து அந்த நேரத்துக்கு மாற்றினார். இப்போது விழுங்குகிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் சிறுநீரகம் இழந்தது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு கிரியாட்டினின் 3.1.

இதே நோயோடு இருப்பவர்களின் வீட்டாருக்குச் சொல்கிறேன். அட்டையை எண்ணிவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். விழுங்குவதில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். நான் கேட்டதே இல்லை.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா அவளுடைய இடது கையைத் தடவிப் பார்த்தார். இனி அந்தக் கையில் ஊசி போடவோ, பிரஷர் பார்க்கவோ விடக் கூடாதாம். டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது) தேவைப்படும் நாளில் அந்தக் கையின் இரத்தக் குழாய் கெடாமல் இருக்க வேண்டுமாம்.

எஸ்தர் அந்தக் கை வளையல்களைக் கழற்றிவிட்டாள். குடம் தூக்குவதுகூட வலது கையால்தான். போன வாரம் இரத்தம் எடுக்க வந்த பெண் இடது கையைப் பிடித்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“இது வேற வேலைக்கு வச்சிருக்கு, தாயி” என்றாள்.

அந்த வேலை எத்தனை மாதத்தில் வரும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.