லேசர் மாப்பிள்ளையும் தள்ளிவிட்ட வேனும்

மகனுக்குப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேன் பிடித்துப் போனோம். டிரைவரைச் சேர்க்காமல் ஒன்பது பேர். ஒற்றைப்படைதானா என்று இரண்டு முறை எண்ணிக்கொண்டேன். ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன, இரண்டும் ஒரே கேள்வியில்: பையனுக்கு என்ன வேலை? பல லேசர் கதிர்களைச் சேர்த்து ஒரே பலமான கதிராக்குகிற ஆராய்ச்சி என்றால் யாருக்குப் புரியும்?

பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். கேசரி வந்தது. மற்றவர்கள் தட்டில் நான்கு முந்திரி, என் தட்டில் மூன்று. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை.

"லைட்டு வேலைன்னா, எலக்ட்ரீசியனுங்களா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க. பல லேசரை ஒண்ணா சேக்கறான்" என்றேன்.

"பெருசா ஒண்ணு வாங்கிட்டா முடிஞ்சிது. எதுக்கு இத்தினிய வச்சிக்கினு பேஜாரு?"

மகன் வாயைத் திறந்தான். "அவ்ளோ பவரை ஒரே கண்ணாடி இழையில அனுப்பினா தாங்காதுங்க. அதான் பல இழையில அனுப்பிச்சு கடைசியில சேக்கறோம். எல்லா அலையும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கணும். முன்னப்பின்ன ஆனா பலம் போயிடும்."

"சரிங்க. கலந்துகினு சொல்லி அனுப்பறோம்."

முந்தைய இரண்டு வீடுகளிலும் கேட்ட அதே சொற்கள். என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெளியே வந்தால் வேன் கிளம்பவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் ஆறு பேர், மரியாதைக்காகப் பெண்ணின் அப்பா, ஆக ஏழு பேர் தள்ளினோம். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் மூச்சு வாங்கினார். வேன் ஆடியது, நகரவில்லை. சத்தம் கேட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, தள்ளு" என்றாள். பிறகு, "சந்தனக் கலர் சட்டை மாமா லேட்டு. அப்பா, நீ முந்திக்கற."

சந்தனக் கலர் சட்டை நான்தான். ஏழு பேரும் உண்மையாகத் தள்ளுகிறார்களா என்று எண்ணிக்கொண்டிருந்ததில் பிந்திவிட்டேன். மறுபடி சொன்னாள். ஏழு பேரும் ஒரே மூச்சில் தள்ள, வேன் உருண்டு, இருமி, கிளம்பியது.

மகன் வியர்வையைத் துடைத்தான். "இதாங்க என் வேலை. எது முந்துது, எது பிந்துதுன்னு பாத்து சரி பண்ணிக்கினே இருக்கணும்."

பெண்ணின் அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க."

"எம்பொண்ணு வூட்ல சும்மாவே பண்ணிக்கினு கீது. நாள் பாருங்க."

கல்யாணத்தன்று சம்பந்தி வந்தவர்களிடமெல்லாம், மாப்பிள்ளை வெளிச்சத்தை வைத்து வேன் தள்ளுகிறார் என்றார். திருத்தலாம் என்று போனேன். அதற்குள் பதினோரு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார். பதினோரு பேருக்கும் புரிந்திருந்தது.