கடற்பூதம் விழுங்கிய மாலுமி

அண்டை வீட்டின் கட்டுமானத்திற்காகக் குவித்திருந்த ஆற்றுமணலில் இன்று மாலை நீர் தெளித்தார்கள். அந்த ஈரமணம் என்னை அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய திண்டுக்கல்லின் கூடாரத் திரைப்படக் கொட்டகைக்கு இழுத்துச் சென்றது.

அன்று அங்கே ஓடியது புகழ்பெற்ற நாவலொன்றைத் தழுவிய மாயப்படம். ஒரே படப்பிரதியை எங்கள் கொட்டகையும் ஊரின் மறுகோடிக் கொட்டகையும் பகிர்ந்துகொண்டன. சுருள்கள் மிதிவண்டியில் வந்துபோயின. பெண்கள் பக்கத்து மணலில் அம்மாவும் நானும் அமர்ந்திருந்தோம். மாலுமியைக் கடற்பூதம் விழுங்கியதும் அம்மா விம்மினாள். கொழும்புக்குக் கப்பலேறிய அவள் தம்பியிடமிருந்து ஈராண்டுகளாகக் கடிதம் இல்லை.

அடுத்த சுருளிலோ அதே மாலுமி தன் தமக்கை வீட்டில் உண்டுகொண்டிருந்தான்.

“பூதத்துக்குச் செரிக்கலை போல,” என்றாள் பக்கத்திலிருந்த பூக்காரி.

“ரீல் வரத் தாமதம். முன்னாடி ஓட்ட வேண்டியது இப்பத்தான் ஓடுது. செத்த நேரம் பொறுங்க,” என்றார் படம் ஓட்டுபவர்.

“அவன் செத்தது செத்ததுதாம்மா,” என்றேன்.

“பேசாம இருடி. அவன் சோறு திங்கிறதை அம்புட்டுப் பேரும் பாத்தோம்ல?”

அன்று வீட்டில் அம்மா ஒரு தட்டைக் கூடுதலாக வைத்தாள். தன் இறுதிநாள் வரை வைத்தாள். மாமா வரவில்லை.

பின்னாளில் அந்நாவலைப் படித்தேன். மாலுமி கடலில்தான் மாள்கிறான். ஆயினும் எது முன், எது பின் என்பதில் என் உள்ளம் இன்னும் தெளியவில்லை. தனியே உண்ண அமர்ந்த நான், சற்றுமுன் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.